வாவியைப் பார்த்த அறை

கடந்த ஆவணி, வியாழன்: காலையில் கொழும்பிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டோம். மாலையில் மட்டக்களப்பு வாவிக்கரை விடுதியை அடைந்தோம்.
வெள்ளி: பகலில் மாங்கேணிக் கடற்கரை. மாலையில் தோணிப் பயணம். நானும் மனைவியும் செல்லவில்லை. எனக்கு இணையவழிக் கூட்டம்.
சனி: பழுகாமம், பின்னர் மண்டூர்க் கோயில்.
ஞாயிறு: கொழும்பு திரும்பினோம்.
கார்த்திகையில் மனைவி காலமானார். நுரையீரல் நோய்.

மேலே உள்ளவற்றில் பிழை எதுவும் இல்லை. பிழை அவற்றுக்கு வெளியே இருக்கிறது.

அது மனைவியின் பள்ளித் தோழிகள் ஒழுங்கு செய்த பயணம். வான், விடுதி, சாப்பாடு அனைத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டவர் அவர்களுள் ஒருவர். மட்டக்களப்பு நகரில் வாழும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் ஓய்வுக்குப் பின் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே ஆய்வேடுகளை மதிப்பிட்டு வந்தேன். எங்கள் பங்கு அந்த வருமானத்திலிருந்துதான் வந்தது. ஆகவே வேலையையும் உடன் கொண்டுசென்றேன்.

புறப்படுமுன் ஆசிரியை தொலைபேசியில் கேட்டார்: "சேர், நீங்க வேலை செய்ய வேற சின்ன அறை ஒண்டு சொல்லட்டா? கொஞ்சம்தான் கூடும்."

"வேண்டாம். அந்தக் காசுக்கு வாவிப் பக்கத்து அறையைத் தாருங்கோ."

மனைவி பழுகாமத்தில் பிறந்தவள். கண் விழித்ததும் அவளுக்குத் தண்ணீர் தெரியட்டும் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. சில வாரங்களாக அவளுக்கு இருமல் இருந்ததையும் அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

வெள்ளி மாலை தோழிகள் கதவைத் தட்டினார்கள்.

"வாகா, தோணி வந்திட்டு!"

"கச்சான் காத்து உரமா அடிக்குது. இருமல் கூடிரும். நீங்க போயிற்று வாங்க."

"ஓகோ, புருசனுக்குக் காவலோ?"

"ஓம், விட்டா மனிசன் கம்பியூட்டருக்குள்ள விழுந்திருவார்."

சிரிப்பொலி படிக்கட்டில் இறங்கிப் போயிற்று. நான் கூட்டத்தைத் தொடங்கி, ஒலிப்பதிவையும் இயக்கினேன். ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்கு நானே தலைவர். ஒலிவாங்கியை அணைத்து வைக்க இயலாது. திரையில் என் முகத்துக்குப் பின்னால் அவள் தெரிந்தாள். கட்டிலில் அமர்ந்து, சேலைத் தலைப்பை மடித்து வாயில் அழுத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. நான் கணினியைச் சற்றே திருப்பினேன். பிறகு அவள் திரையில் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் நெடுநேரம் இருமினாள். பின் கண்களைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"மண்டூர்க் கோயில்ல வாயைக் கட்டிப் பூசை செய்வாங்களே, அப்படி இருந்தன். உங்கட பூசை முடிஞ்சிதா?"

"முடிஞ்சுது" என்று சிரித்தேன்.

மறுநாள் மண்டூரில், துணியால் வாய் கட்டியவர் பேச்சின்றிப் பூசை செய்தபோது அவள் முழங்கையால் என்னை இடித்தாள். வெளியே வந்ததும் இருமல் தொடங்கிற்று; நிற்கவே இல்லை. ஆசிரியை அவள் முதுகைத் தடவியபடி என்னைப் பார்த்தார்.

"சேர், இவவை இப்பவே டவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். வான் நிக்குதுதானே."

"எல்லாரும் காசு போட்ட வான். அவர்களுடைய நாளைக் கெடுக்கக் கூடாது. கொழும்பில் காட்டலாம்" என்றேன்.

ஒருவரும் மறுப்புச் சொல்லியிருக்கவில்லை. மறுக்கக்கூடியவர்களும் அல்லர். வான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் மாலை முழுவதும் அங்கேயே கழியும். திங்கட்கிழமை நான் அனுப்ப வேண்டிய அறிக்கை எழுதப்படாமல் கிடந்தது. அதன்பின் வேறொரு ஆய்வேடு வந்தது. கொழும்பில் வைத்தியரைப் பார்க்கப் புரட்டாதி ஆயிற்று.

முன்னரே வந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திராது என்றார் வைத்தியர். அதை என் பொருட்டுச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

செய்யாமல் இருப்பவை:

நாங்கள் போகாத தோணிக்கான பணத்தை ஆசிரியை திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பதில் எழுதுவது.

அந்தச் சேலையைத் தோய்ப்பது.

கூட்டத்தின் ஒலிப்பதிவை அழிப்பது. முழுவதையும் இரண்டு முறை கேட்டேன். அவளுடைய இருமல் அதில் எங்குமே இல்லை.