தோற்பதற்குச் சம்பளம் வாங்கியவள்

போர்ட் பிளேர் துறைமுக அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. கல்கத்தாவிலிருந்து வயர்லெஸ்ஸில் வந்த செய்தியை ஆபரேட்டர் எழுதி என் மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். என் சிநேகிதி சண்முகவடிவு மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். அங்கேயே தகனமும் முடிந்துவிட்டது. கப்பல் கிடைக்கும்வரை எந்த உடலும் காத்திருக்காது என்பதை இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜங்லிகாட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு நடந்து போய் அவள் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. "அடுத்த கப்பல் எப்பம்மா?" என்று கேட்டார். எதற்குக் கப்பல் என்று நானும் கேட்கவில்லை.

வடிவின் அப்பா சுடலைமுத்து மாமா அதிகாரிகள் க்ளப்பில் மார்க்கர். டென்னிஸ் மைதானத்துக்குக் கோடு போடுவது, வலை கட்டுவது, ஆள் குறைந்தால் எதிரே நின்று ஆடுவது, இதுதான் மார்க்கர் வேலை. எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் பந்து காய்ந்து நான் பார்த்ததில்லை. அவர் வீட்டு அடுப்பங்கரையில் கருவாடு ஒரு பக்கம், டென்னிஸ் பந்து ஒரு பக்கம் காயும். ஊறிக் கனத்த அந்தப் பந்துகளை அடித்தே வடிவு வளர்ந்தாள். அவளோடு ஜோடி சேர்ந்து நானும் ஆடியிருக்கிறேன். வலைக்குள் பந்தை அடிப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. "மழையத் திட்டாதட்டி கமலா. அது நிக்கும்னு இருந்தா நாம என்னைக்கு ஆட?" என்பாள்.

பதினாறு வயதில் க்ளப்பே அவளுக்கு வேலை கொடுத்தது. அதிகாரிகளின் மனைவிமார்களோடு ஆட வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மேம்சாப் வியர்க்க வேண்டும், ஆனால் ஓடிக் களைக்கக் கூடாது. ஆட்டம் இழுபறியாகப் போக வேண்டும், கடைசியில் மேம்சாப் ஜெயிக்க வேண்டும். வடிவு இதை அத்தனை நயமாகச் செய்வாள். ஒரு அம்மாள் அவள் முதுகில் தட்டி, "ஔர் மெஹ்னத் கரோ, பேட்டி" என்று இன்னும் உழைக்கச் சொல்லிவிட்டுப் போனார். போகிறவரை நான் முறைத்தேன். வடிவு சிரித்தாள். "தோக்கதுக்குத்தானடி எனக்குச் சம்பளம்."

எல்லோரும் போன பிறகு அவளும் அப்பாவும் ஆடுவார்கள். அதைப் பார்த்தவர்கள் உங்களில் இன்றைக்கும் சிலர் இருப்பீர்கள். அந்த மனுஷர் தன் மகள் என்று பார்க்காமல் அடிப்பார். அவளும் அப்பா என்று பார்க்க மாட்டாள். அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒரு இன்ஜினியர்தான், மெட்ராஸ் போட்டியில் இவள் ஆடியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கப்பலில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அத்தையைப் பார்க்கும் சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கே நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெயர் பதியும் மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். மாமாவின் காக்கிச் சட்டையைப் பார்த்து, பெண் எங்கே ஆடுகிறாள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஐயா, எம்மவ சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுத புள்ள இல்ல. போர்ட் பிளேர் க்ளப்புல மாசச் சம்பளம் வாங்குதா."

காடு வெட்டிக் குடியேறிய ஊர் நம்முடையது. மாதச் சம்பளம் வாங்குகிறாள் என்பதைவிடப் பெரிய பட்டம் இங்கே உண்டா? ஆனால் அந்தக் காலத்து விதி வேறு. ஆட்டத்துக்குக் கூலி வாங்கியவர் தொழில்காரர். தொழில்காரருக்குப் போட்டியில் இடமில்லை. பெரியவர் வடிவைத் தனியே கூப்பிட்டு இதைச் சொன்னார். அவருக்கும் வருத்தம்தான். மாமா அதற்குள் மைதானத்தின் மண்ணைத் தொட்டுப் பார்க்கப் போயிருந்தார்.

வடிவு அப்பாவிடம் போய், ஆட்டம் மறுநாள் காலை, பெண்கள் ஆடும் இடத்துக்குள் ஆண்களை விட மாட்டார்களாம் என்றாள். பச்சைப் பொய். மறுநாள் என்னோடு கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து, "தோத்துட்டேன்ப்பா" என்றாள்.

"மேம்சாபுககிட்ட தோத்துத் தோத்து ஒனக்கு அதுவே பழகிப் போச்சுட்டி" என்றார் மாமா. திரும்பி வரும் கப்பலில் அவர் அவளோடு பேசவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லித் தொலை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு வாழ்க்கையில பெருமையாச் சொன்னது அந்த ஒண்ணுதாண்டி. அதுதான் என்னைய வெளிய தள்ளிச்சுன்னு எப்படிச் சொல்ல?"

சில வருடங்களில் உலகமே அந்த விதியைத் தூக்கிப் போட்டது. வடிவு கல்கத்தாவுக்குப் போனாள். ஒரு க்ளப்பில் பயிற்சி கொடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பரிசுக்கு ஆடினாள். இந்தத் தீவிலிருந்து போய் டென்னிஸையே தொழிலாக வைத்துப் பிழைத்த பெண் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். சில கோப்பைகள் வந்தன. ஆனால் முழங்கால் அதற்குள் போயிருந்தது. கடைசியாக வந்தபோது மின்னி பே கரையில் கடலைப் பார்த்தபடி, "நல்லா ஆடுன வயசுல என்னைய யாரும் பாக்கலடி" என்றாள்.   இது அநியாயம், அவ்வளவுதான்.

போன வாரம் அபர்டீன் பஜாரில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மாமா எழுந்து நின்றார். "எம்மவ சம்பளம் வாங்கி ஆடுனவ" என்று ஆரம்பித்தார். பிறகு, "மெட்ராஸ்ல மட்டும் தோத்துட்டா. அன்னைக்கு நான் அவள அப்படி ஏசியிருக்கக் கூடாது" என்றார். அவள் தோற்கவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியிருந்தால், அப்படியானால் என்னதான் நடந்தது என்று கேட்டிருப்பார். 

வடிவிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தப் பொய்தான். அதை நான் காப்பாற்றப் போகிறேன். அவள் தோற்கவில்லை என்று அவளைத் தெரிந்தவர்களுக்காவது தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளைப் பற்றி அச்சில் வந்திருக்கிறதாமே என்று இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்களில் யாரிடமாவது கட்டாயம் வருவார். படித்துக் காட்டுங்கள். மெட்ராஸ் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.