அத்தையும் மலையணிலும்

சோளக்காடு என்ற மலையூரில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் காப்புக்காடு தொடங்கிவிடும். பள்ளிக்கூட வேலைக்காக மலைக்கு வந்ததிலிருந்து காலையில் அங்கே தனியாக நடப்பது என் வழக்கம். யாரிடமும் பேச வேண்டாம் என்பதே அதில் பாதி சந்தோஷம்.

போன ஐப்பசியில் பேளுக்குறிச்சியிலிருந்து என் மாமியார் வந்தார். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாளே அத்தை என்னோடு கிளம்பிவிட்டார். காட்டுக்குள் நுழைந்ததும் கிணற்று மோட்டார் கெட்டுப்போன கதையைத் தொடங்கினார். புதரில் இருந்த குருவிகள் எல்லாம் பறந்துபோயின.

"அத்தை, சித்தெ பேசாம வாங்க. சத்தம் கேட்டா எதுவும் நிக்காது."

"நான் என்ன அதுங்ககிட்டயா பேசறேன்? உங்கிட்டத்தானே பேசறேன்!"

இரண்டு நாள் இப்படியே போனது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். மூன்றாம் நாள் அத்தையின் தலையில் இலையோடு ஒரு குச்சி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். பூனை அளவுக்கு ஒரு மலையணில், செம்பழுப்பு முதுகும் தொங்கும் வாலுமாக, கிளையைக் கடித்து முறித்து உச்சிக்குக் கொண்டு போனது. அங்கே பாதி கட்டிய கூடு இருந்தது. அத்தை அப்படியே நின்றுவிட்டார். மோட்டார் கதை பாதியில் அறுந்தது.

அன்றிலிருந்து அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். அந்தக் கூடு முடிந்த சில நாளில் பக்கத்து மரத்தில் இன்னொன்று முளைத்தது. சற்றுத் தள்ளி வேறொரு மரத்தில் ஒரு பழைய கூட்டையும் அத்தையே கண்டுபிடித்தார். ஆனால் அவருக்கு அதில் சம்மதமில்லை.

"இருக்கறது ஒத்த ஆளு. எதுக்கம்மிணி இத்தன ஊடு? கூட்டிப் பெருக்கவே பொழுது பத்தாதே!"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மலையணில் உர்ரென்று எங்களைத் திட்டியது.

கார்த்திகையில் ஒரு நாள் விடிய விடியக் காற்றும் மழையும். மழை விட்டதும் நான் காபி குடிப்பதற்குள் அத்தை குடையோடு வாசலில் நின்றார். போய்ப் பார்த்தால் புதுக்கூடு இரண்டும் பிய்ந்து தரையில் கிடந்தன. அத்தையின் முகம் வாடிவிட்டது. ஈர இலைகளைக் குனிந்து விலக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நானும் மரம் மரமாகத் தேடினேன்.

திடீரென்று அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். தள்ளியிருந்த மரத்தின் பழைய கூட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு முழு உடம்பும் வெளியே வந்து, வாலை உதறிவிட்டு, சாவகாசமாகக் காதைச் சொறிந்துகொண்டது.

"அட சாமி! இதுக்குத்தான் கட்டி வெச்சயா?" என்றார் அத்தை. "கெட்டிக்காரி! நான்தான் புரியாம ஏசிட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி வந்தார். எதிரே வந்த, மிளகு மூட்டை சுமந்த ஒருவரை நிறுத்தி, "ஏனுங்க, கேட்டீங்களா?" என்று முழுக்கதையும் சொன்னார். அவரும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கும் அவசரம் இல்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

மார்கழி பிறந்ததும் அத்தை ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் போன் செய்தார்.

"அம்மிணி, வேப்பமரத்துல மஞ்சளா ஒரு குருவி. கண்ணுக்கு மை தீட்டுனாப்புல இருக்குது. அதுக்கு என்ன பேரு?"

"மாங்குயிலுங்க அத்தை."

"இத்தன வருசமா இங்கயேதான் இருந்துச்சாமா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள், "இரு இரு, இன்னொண்ணும் வருது!" என்று போனை வைத்துவிட்டார்.