கோட்டையை விட்டு வரக் கூடாது

சனிக்கிழமை மாலைகளில் தி. நகரில் ஒரு நண்பனின் வீட்டு மாடி அறையில் கூடி விளையாடுவோம். மேசையைச் சுற்றி நான்கு பேர், நடுவே பகடைகள். நண்பன் கதை சொல்வான். மற்ற மூவரும் அதில் ஆளுக்கொரு வீரராகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று என் வீட்டில் கேட்பார்கள். தேவைதான்.

என் தோழிக்கு என்னைவிடத் தேவை. மயிலாப்பூரில், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவோடு தனியாக இருக்கிறாள். அண்ணன்கள் இருவரும் வெளிநாட்டில். அவர்கள் அக்கறையெல்லாம் வீடியோ காலோடு சரி. சனிக்கிழமை மாலை மட்டும் ஓர் அம்மா வந்து அவரைப் பார்த்துக்கொள்வார். அந்தச் சில மணி நேரம்தான் இவள் வெளியே வருவது.

ஒருநாள் விளையாட்டில் பூதம் ஒன்றைக் கொன்றாள். நண்பன் அவளுக்குப் பரிசாக ஒரு கோட்டையையே கொடுத்தான். கைதட்டினோம். பிறகுதான் விதியைச் சொன்னான்: கோட்டைக்குச் சொந்தக்காரர் உள்ளேயே இருக்க வேண்டும், வெளியே போனால் எதிரி பிடித்துவிடுவான். அவனே யோசித்து எழுதிய விதியாம். பரிசா அது, தண்டனையா?

அடுத்த வாரங்களில் நாங்கள் காடு, மலை என்று சுற்றினோம். அவள் முறை வரும்போதெல்லாம், "நான் கோட்டைலயே இருக்கேன்" என்றாள். நான் சத்தம் போட்டதும் நண்பன் அவளுக்கு ஒரு மாயக்கண்ணாடி கொடுத்தான். அதில் எங்களைப் பார்க்கலாம். பேச முடியாது, உதவிக்கும் வர முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கை கழுவப் போனபோது அவனைப் பிடித்துக்கொண்டேன். "டேய், அவ வீட்லதான் அடைஞ்சு கெடக்கறா. இங்கயுமா?"

"எழுதும்போது அதெல்லாம் தோணல. அவ வெளிய வரட்டுமே, நான் தடுக்கலையே" என்றான்.

திரும்பி வந்தவளிடம், "விட்டுட்டு வாடி" என்றேன்.

"விழுந்துடும்னு தெரிஞ்சுண்டே எப்படிடி வரது?"

"விழட்டும். பேப்பர்ல வரைஞ்ச கோட்டைதானே."

கொஞ்ச நேரம் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி, வரேன்" என்றாள்.

அன்று அவள் ஆடிய ஆட்டத்தை மறக்கவே முடியாது. ஆற்றைத் தாண்டினாள், ஒரு வியாபாரியை ஏமாற்றிக் குதிரை வாங்கினாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் நண்பன் கோட்டைக்காகப் பகடையை உருட்டினான். கோட்டை விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவனுக்கு எதையும் நீட்டி முழக்கித்தான் சொல்ல வரும். தீ பரவியதாம். எழுந்து ஓட முடியாத ஒரு கிழட்டுக் காவல்காரர் மட்டும், எஜமானி வந்துவிடுவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

"நாழி ஆயிடுத்து" என்று அவள் பையை எடுத்தாள். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது.

அதன்பிறகு அவள் வரவில்லை. நண்பன் போன் செய்து, காவல்காரரை உயிர்ப்பிக்க மந்திரம் வைத்திருப்பதாகக்கூடச் சொல்லிப் பார்த்தான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு அவன்மேல் கோபம். வா வா என்று இழுத்த என்மேல் அதைவிடக் கோபம்.

போன வாரம் அவளைக் கூப்பிட்டு, "அந்தம்மா இப்போ வரதில்லையா?" என்று கேட்டேன்.

"வராளே. சனிக்கிழமை தவறாம வரா. மூணு பேருமா உக்காந்து டிவி பாக்கறோம்" என்றாள்.