துடக்கு இல்லாதவன்

தெல்லிப்பழைப் பக்கத்தில் யாரோ கொடுத்த கைக்குழந்தை நான். ஐயாவும் அம்மாவும் சண்டிலிப்பாய்க்குத் தூக்கிவந்து வளர்த்தார்கள். கொடுத்தது யார் என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஐயா செத்தபோது அவருடைய தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். இரத்த உறவு வேண்டுமாம். அம்மாவும் போனபிறகு அந்தப் பெரிய வீட்டில் நான் மட்டும்.

சென்ற வருடம் கனடாவிலிருந்து வந்த பள்ளிக்கூட நண்பன் மரபணுச் சோதனைக்கான ஒரு பிளாஸ்டிக் குழாயை நீட்டினான்.

"உதுக்குள்ளை துப்பினாக் காணும், மச்சான். நீ ஆரெண்டு சொல்லிப்போடும்."

ஆசையில் வாய் வறண்டுபோயிருந்தது. எப்படியோ துப்பிக் கொடுத்தேன்.

முடிவு கைபேசியில் வந்தது. வரைபடத்தில் சென்னை தொடங்கி மாத்தறை வரை ஒரே நிறம். கீழே 'தென்னிந்தியா, இலங்கை' என்று போட்டிருந்தது. அடப் பாவிகளே, என் முகத்தைப் பார்த்தால் மீன் சந்தையிலேயே சொல்லியிருப்பார்கள்! தமிழா, சிங்களமா, எந்த ஊர், ஒன்றும் இல்லை. தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்று மெல்பேர்ணில் ஒருவரைக் காட்டியது. அவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

நண்பனைத் தொலைபேசியில் பிடித்துக் கத்தினேன்.

"அது முன்னம் துப்பின ஆக்களோடைதான்ரா ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கடை சனம் வெத்திலை துப்புமே தவிர உதுக்குள்ளை ஆர் துப்பினது? உன்னைப் பெத்தவ துப்பியிருந்தா உடனை காட்டியிருக்கும்."

அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன்.

போன மாதம் ஐயாவின் தம்பி, என் சின்னையா, காலமானார். செத்தவீடு நடந்தால் இரத்த உறவுகளுக்கெல்லாம் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயிலுக்குள் போகக்கூடாது. எங்கள் கோயிலில் அப்போது திருவிழா. நானும் உள்ளே போகாமல் றோட்டில் நின்றே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கேட்பாரில்லாவிட்டாலும் அப்படி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வழியால் சின்னையாவின் மகன் மோட்டார்சைக்கிளில் வந்தான். ஐயாவுக்குக் கொள்ளி வைத்தவன்தான். என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

"ஏன் அண்ணை வெளியிலை நிக்கிறியள்? உங்களுக்குத் துடக்கில்லைத்தானே. உள்ளுக்குப் போங்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்கும் இருக்குத் தம்பி" என்றேன்.

அவன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பூசை மணி ஓயும்வரை நான் றோட்டிலேயே நின்றேன்.