சங்கத்துக் கணினியில் லினக்ஸ் ஏற்றியது யார்?

ஆண்டு விழா மலரில் நம் சங்கச் செயலாளர் பொய் எழுதியிருக்கிறார். கல்கத்தா லேக் மார்க்கெட் தமிழ்க் குழந்தைகளுக்காக அந்தக் காலத்திலேயே தொலைநோக்கோடு லினக்ஸ் கணினி அறை அமைத்தாராம். அவர் அமைக்கவில்லை, தடுத்தார். பதின்மூன்று வயதில் நான் அங்கே இருந்தேன்.

கீழே அப்பாவின் மளிகைக் கடையில் காப்பிக்கொட்டை அரைபடும் மணமும், மாடியில் சங்க அறையின் பழைய மானிட்டர்கள் சூடேறும்போது கிளம்பும் புழுதி நெடியும் கலந்து மூக்கில் ஏறும். வங்கி அதிகாரியான ஓர் உறுப்பினர், அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஆறு கணினிகளைச் சங்கத்துக்கு வாங்கித் தந்திருந்தார். எல்லோரும் அவற்றை "டப்பா" என்பார்கள். ஐந்தில் ஒன்றுமே இல்லை. ஆறாவதில், யாரோ திருட்டு நகலெடுத்து ஏற்றிய ஓர் இயங்குதளமும், சங்கத்தின் வரன் பதிவேடும் இருந்தன. ஐந்தையும் பூஜை விடுமுறை முடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அங்கே பீரோ வைப்பதென்று செயலாளர் முடிவு செய்திருந்தார். எனக்கும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மிட்டுவுக்கும் அது பொறுக்கவில்லை.

கரியாஹாட் நடைபாதையில் மிட்டு வாங்கிய ஒரு கணினிப் பத்திரிகையோடு லினக்ஸ் குறுந்தகடு வந்தது. லினக்ஸ் பிறந்த கதையும் பத்திரிகையில் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர், அடிக்கடி காகிதம் சிக்கும் அச்சு இயந்திரத்தைச் சரிசெய்ய அதன் மூல நிரலைக் கேட்டிருக்கிறார், தர மறுத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் அவரை விடவில்லை. யாரும் திறந்து பார்த்து, திருத்தி, அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய ஓர் இயங்குதளத்தையே எழுதத் தொடங்கினார். கருவிகளெல்லாம் சேர்ந்தன, அவற்றையெல்லாம் இயக்கும் கருநிரல் மட்டும் முடியவில்லை. அதைப் பின்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர் பொழுதுபோக்காக எழுதி இணையத்தில் போட, முகம் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து திருத்தினார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் கையிலிருந்த தகடு.

அப்பாவிடம் சொன்னபோது, "கடை வச்சுப் பொழைக்கத் தெரியாத ஆளுங்க போல" என்றார். செயலாளர் தகட்டைத் தொடவே இல்லை. "சும்மா குடுக்கறான்னா ஏதோ கோல்மால் இருக்கு. சங்கத்துக்குள்ள திருட்டுச் சரக்கு வரப்படாது." திருட்டுச் சரக்கு ஏற்கெனவே ஆறாவது டப்பாவில் ஓடிக்கொண்டிருந்தது. "காகு, இது சோராய் மால் இல்ல, அதுதான் சோராய் மால்" என்று மிட்டு அவளுக்குத் தெரிந்த, வங்காளம் கலந்த தமிழில் அந்தத் திருட்டு டப்பாவைக் காட்டினாள். அவர் முகம் சிவந்தது.

தப்பு நாங்களும் செய்தோம். தகடு படிக்கும் கருவி ஆறாவதில் மட்டுமே இருந்தது. அதைக் கழற்றி மற்றவற்றில் மாட்ட வேண்டும். பொறுமையில்லாமல், சும்மா பார்ப்போமே என்று ஆறாவதிலேயே தகட்டைப் போட்டோம். கணினியின் வன்வட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று அது கேட்டது. ஆம் என்று தட்டினோம். ஊரிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் ஜாதகங்கள் அத்தனையும் போயின.

"அத்தனை கல்யாணத்தையும் அழிச்சுட்டேளேடி" என்று செயலாளர் கத்தி, அறையைப் பூட்டினார். அப்பா மேலேறி வந்தார். "மூலக் காகிதமெல்லாம் டிரங்குப் பெட்டில இருக்குல்லா? பிள்ளைகளே திரும்ப அடிச்சுக் குடுக்கும். பூட்டத் தொறங்க சார்." ஜாதகங்கள் திரும்ப வேண்டுமே என்று செயலாளர் பூட்டைத் திறந்தார்.

சப்தமி, அஷ்டமி, நவமி மூன்று நாளும் தெருவில் பூஜைப் பந்தலின் மேளம் அதிர, நான் ஜாதகங்களைத் தமிழிலேயே தட்டிக்கொண்டிருந்தேன். மிட்டு திருப்புளியோடு கருவியைக் கழற்றி மாட்டி, ஐந்து டப்பாவிலும் ஒவ்வொன்றாக லினக்ஸை ஏற்றினாள். பந்தல் பார்க்க வரச் சொல்லி அவள் அம்மா கீழிருந்து கூப்பிடுவார். "ஆஷ்சி, மா" என்று, இதோ வருவதாக இவள் பதில் கொடுப்பாள், போகமாட்டாள். அந்த வருடம் அவளுடைய புது உடுப்பு மடிப்புக் கலையவில்லை. கல்கத்தாவில் ஒரு வங்காளிப் பெண் பூஜையை விடுவது என்றால் என்னவென்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்த முதல் ஞாயிறு ஆறு திரைகளும் ஒளிர்ந்தன, ஆறிலும் தமிழ். "என் பொண்ணோட ஜாதகம் தமிழ்லயே வரதே" என்று செயலாளர் வீட்டு மாமி திரையைத் தொட்டுப் பார்த்தார். இரும்புக்காரன் வெறும் தள்ளுவண்டியோடு திரும்பிப் போனான். ஜெயித்தோம்.

இன்று அந்த மானிட்டர்கள் இல்லை, தகடு வைத்த பத்திரிகைகள் இல்லை, அறை குளிர்சாதனக் கூடமாகிவிட்டது. லினக்ஸ் மட்டும் போகவில்லை. விழாவில் நீங்கள் படம் பிடித்த ஆண்ட்ராய்டு போனுக்குள் அதுதான் ஓடுகிறது. சால்ட் லேக்கில் மென்பொருள் வேலை பார்த்து நான் சம்பளம் வாங்குவதும் அதனால்தான். மிட்டு பின்னாளில் அனுப்பிய சிறு திருத்தம் ஒன்று அதன் மூல நிரலில் அவள் பெயரோடு இருக்கிறது. சில வரிகள் திருத்தியதற்கே உலகம் பெயர் போட்டது. ஐந்து கணினிகளுக்கு உயிர் கொடுத்தவள் பெயரை நம் மலர் போடவில்லை. ஏன்? தமிழச்சி இல்லை என்பதாலா, உறுப்பினர் இல்லை என்பதாலா? செயலாளரே, என் வீட்டுக்கு வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். வரும் பொதுக்குழுவில் எல்லோர் முன்னும் ஒலிபெருக்கியில் பதில் சொல்லுங்கள்.