நாற்பதாயிரம் இஸ்திரிப் பெட்டிகள்

என் நண்பர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். எத்தனை ப்ளக், எதில் என்ன சொருகியிருக்கிறது, எது சும்மா எரிகிறது என்று உதடு அசையாமல் எண்ணி முடித்த பிறகுதான் "சௌக்கியமா?" என்பார். எங்கள் வீட்டில் ஒருமுறை நான் பதில் சொல்வதற்குள், "உங்க ஃப்ரிட்ஜுக்கு உடம்பு சரியில்ல சார், ரொம்ப மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுவாரம் அது நின்றே போனது.

மின்சாரத் திட்ட அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், கழிவறைக்கு எதிர் மேஜை. அங்கே அவருக்குப் பெயர் நாப்பதாயிரம். இல்லாத குடும்பங்களை உண்டாக்குவது உத்தியோகம். ஊரை வெயில் மின்சாரத்திலேயே ஓட்ட எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்று சொல்ல, எந்த வீடு எந்த நிமிடத்தில் எந்த ஸ்விட்சைப் போடுகிறது என்று தெரிய வேண்டும். ஜனங்களின் அந்தரங்கத்தை எட்டிப் பார்க்கக் கூடாது என்கிறது சட்டம். ஆகவே மீட்டர் கணக்கு, தண்ணீர் அளவு, வானத்திலிருந்து எடுத்த கூரைப் படம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நிஜ வீடு போலவே நடந்துகொள்ளும் பொய் வீடுகளைக் கம்ப்யூட்டருக்குள் கட்ட வேண்டும். கட்டினார், நாற்பதாயிரம். அவர்களைப் பற்றிப் பேசும்போது குரல் தழைந்துவிடும். "இருபத்தேழாயிரத்து நாலாம் வீடு இருக்கே சார், பாவம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் நைட் ஷிப்ட்."

தயிருக்கு உறை ஊற்றுவது போல, பொய் வீடு செய்யவும் ஒரு துளி நிஜ வீடு வேண்டுமாம். நிமிடத்துக்கு நிமிடம் அளக்கச் சம்மதிக்கும் வீடு. தெருவில் பன்னிரண்டு கதவைத் தட்டினார். பன்னிரண்டும் சாத்திக்கொண்டன. கடைசியில் சம்மதித்தது அவருடைய வீடுதான். அதுவும் மாமியாரைக் கேட்காமல்.

மாமியார் தினமும் மாலை ஆறு நாற்பதுக்கு இஸ்திரி போட உட்காருவார். சட்டை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணி வரைக்கும் தேய்ப்பார். ஆகவே கம்ப்யூட்டருக்குள்ளும் நாற்பதாயிரம் வீடுகளில், நைட் ஷிப்ட் தம்பதி வீடு உட்பட, பொழுது சாய்ந்ததும் இஸ்திரிப் பெட்டி சூடாகிறது. சில வீட்டில் குழந்தைகள் அதிகம், சில வீட்டில் ஃப்ரிட்ஜ் இரண்டு. மாமியார் மட்டும் எல்லா வீட்டிலும் அவரேதான். எந்தப் பேட்டரியும் இந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ஊர்க்கோடியில் கரும்புகை கக்கும் டீசல் நிலையத்தை இன்னும் பத்து வருஷத்துக்கு மூட முடியாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும்.

"ஆறு நாற்பதை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டால் தீர்ந்தது" என்றேன்.

டீயைக் கீழே வைத்துவிட்டார். "பொய்க் கணக்கு எழுதச் சொல்றீங்களா? சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவன் சார் நான்."

இதைச் சொன்னவர், நாற்பதாயிரம் இல்லாத குடும்பங்களுக்குத் தகப்பன்.

கணக்கை மாற்றக் கூடாது, ஆளை மாற்றலாம். செவ்வாய்க்கிழமை பேச்சுவார்த்தை நடந்தது. சாட்சிக்கு என்னையும் இழுத்துப் போனார்.

"அத்தை, வெயில் இருக்கறப்பவே, மத்தியானமே தேச்சுட்டா நல்லது."

"ஈரத்துணியையா தேய்க்கச் சொல்றீங்க மாப்பிள்ளை? வீட்டுக்குள்ள காயறதுக்கே சாயங்காலம் ஆயிடுது."

"வெளிய போடலாமே?"

"போடலாமே! அந்த டீசல்காரன் கரியத் தூவறான். வெள்ளைத் துணி போட்டா புள்ளி போட்ட துணி வருது."

"அந்தக் கரிய நிறுத்தத்தான் அத்தை, மத்தியானம் தேய்க்கச் சொல்றேன்."

"அப்ப மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க. மறுநாளே மத்தியானம் தேய்க்கறேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, எங்கம்மா மாதிரி நாப்பதாயிரம் பேர வெச்சிருக்கீங்களே, அதுல ஒருத்தராவது உங்க பேச்சக் கேக்கறாங்களா?"

புதன்கிழமை நண்பகல் அந்தப் பக்கம் போனேன். மனிதர் கொல்லையில், கொடியில் தொங்கும் துணிகளுக்குப் பக்கத்தில், குடை பிடித்துக்கொண்டு நின்றார். தனக்கல்ல, துணிக்கு. நேராகப் பிடித்தால் வெயிலும் மறைந்துவிடும் என்பதால் சாய்த்துப் பிடித்திருந்தார். கரி வரும் பக்கம் குடை, வெயில் வரும் பக்கம் திறப்பு. காற்று திரும்பும்போதெல்லாம் துணியைச் சுற்றி ஓடினார். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "களப்பணியில இருக்கேன்" என்று சொல்லி வைத்தார்.

"ஒரே ஒரு துணி பகலுக்கு நகர்ந்தாப் போதும் சார். ஒண்ணுன்னா அங்க நாப்பதாயிரம். பத்து வருஷம்ங்கறது ஒம்பதாயிடும்." அவருடைய வெள்ளைச் சட்டையில் அதற்குள் ஏழெட்டுக் கரும்புள்ளிகள்.

மாமியார் வந்தார். விரிப்பைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்தார். விட்டார். சட்டையைப் பார்த்தார். விட்டார். தலையணை உறைகளில் ஒன்றை மட்டும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு, மருமகனின் சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மனிதர் குடையை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினார். நான் குடையோடு பின்னாலேயே ஓடினேன். உள்ளே இஸ்திரிப் பெட்டி சூடேற, மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து, "பகல் 12.52, தலையணை உறை 1" என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். பென்சிலைத் திருப்பி, நிமிடத்தின் கடைசி இரண்டை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டு, மூன்று என்று போட்டார்.