கோணல் தையல்

கந்தர்வக்கோட்டையில் எனக்கு ஒரு தையல் கடை. யாராவது கோணலாகத் தைத்திருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் பிளவுஸ் முதுகையே முறைத்துக்கொண்டிருந்து, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியவள் நான்.

போன வருடம் வலது தொடையில் ஒரு கட்டி வந்தது. புற்று என்றார்கள். பயந்தேன். அதிலும் அது மெஷினை மிதிக்கிற கால். "கட்டியை எடுத்துரலாம்மா. புண் ஆறுறதுதான் இந்த இடத்துல சிக்கல். தோல் ஓரத்துக்கு ரத்தம் போகலைன்னா கறுத்துப்போய் தையல் விட்டுரும். அப்புறம் மாசக்கணக்கா மெஷின்ல உக்கார முடியாது" என்றார் தஞ்சாவூர் டாக்டர். அதற்காக ஆபரேஷன் நடக்கும்போதே ரத்தத்தில் ஒரு பச்சை மருந்து ஏற்றி, அதற்கென்று இருக்கிற கேமராவில் பார்ப்பார்களாம். ரத்தம் ஓடுகிற தோல் திரையில் ஒளிரும், ஓடாத இடம் இருட்டாகத் தெரியும்.

இவ்வளவு சொன்னதில் என் வீட்டுக்காரர் மனதில் நின்றது 'ஒளிரும்' மட்டும்தான். ஆபரேஷனுக்கு மறுநாள் மத்தியானம் நான் வலியில் துடிக்கிறேன், அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்து, போர்வையைத் தூக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா இரு. ஒளி வருதான்னு பாக்குறேன்."

"நான் என்ன மின்மினிப்பூச்சியா? லைட்டப் போடுங்க!"

போட்டார். முகத்தில் அவ்வளவு ஏமாற்றம்.

கட்டு மாற்றிய அன்றுதான் தையலை முதலில் பார்த்தேன். மேலிருந்து நேராக வந்து, முழங்காலுக்குச் சற்று மேலே சட்டென்று உள்பக்கம் வளைந்திருந்தது. எனக்கு வலியே மறந்துவிட்டது.

"என்னங்க டாக்டர், இங்கிட்டு கோணிக்கிட்டுப் போகுது? எங்கடையில புதுசா சேந்த பொண்ணுகூட இப்படித் தைக்காதுங்க."

வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். டாக்டர் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஆபரேஷன் படத்தைக் காட்டினார். தோல் முழுக்கப் பளபளவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு.

"வெறுங்கண்ணுக்கு இந்தத் தோலும் நல்லாத்தான் தெரிஞ்சுச்சும்மா. விட்டுட்டு நேரா தைச்சிருந்தா பிரிஞ்சிருக்கும். வெட்டிட்டுத் தைச்சேன், அதான் வளைஞ்சிருச்சு."

"பாத்தியா, ஒளி வந்திருக்கு!" என்றார் வீட்டுக்காரர்.

நைந்த ஓரத்தை வெட்டாமல் தைத்தால் தையல் நிற்காது என்று இருபது வருடமாகக் கடையில் கத்திக்கொண்டிருப்பவள் நான். வெட்கமாக இருந்தது.

தையல் பிரித்த நாளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நர்ஸ் ஒவ்வொரு நூலாக உருவினார். கறுப்பு இல்லை, கசிவு இல்லை, புண் நன்றாகக் கூடியிருந்தது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இப்போது பழையபடி மெஷினை மிதிக்கிறேன். போன வாரம் ஒருத்தி பிளவுஸைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "என்னக்கா, பக்கத் தையல் கோணலா இருக்கு?"

"ஓரம் நைஞ்சிருந்துச்சு, வெட்டிட்டுத் தைச்சேன். கோணலா இருந்தாலும் பிரியாது."

அவள் நம்பவில்லை. என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. கடையில் வைத்துக் காட்ட முடியாத இடத்தில் இருப்பதுதான் வருத்தம்.